ஆம்பூர் வரை வரும் ஐம்பது

ராணிப்பேட்டையில் தொடங்கி மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் ஷாப்புகள் போகும் வழியெல்லாம் ட்ரம்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஆள் உயரத்தைப் போல இரண்டு பங்கு விட்டம். உள்ளே தோல், தண்ணீர், குரோம் உப்பு. பதனிடும் ட்ரம் ஏறக்குறைய நிமிடத்துக்குப் பத்துச் சுற்று ஓடும். வேகம் கூடினால் தோலின் மேல்பரப்பு உராய்ந்து கெடும். குறைந்தால் மருந்து நடுப்பகுதி வரை ஏற நேரமாகும். பெல்ட்டும் கியரும் வைத்து அதை இழுக்கும் மோட்டாரின் தகட்டில் 1440 என்று பொறித்திருக்கும். நிமிடத்துக்கு 1440 சுற்று. தகட்டில் எண்ணைப் பொறிப்பது மோட்டார் செய்தவர். அந்த எண்ணை நிஜமாக்குகிறவர்கள் கூடங்குளத்திலும் நெய்வேலியிலும் தொடங்கி இமயமலை அணைக்கட்டுகள் வரை பரவிக் கிடக்கிறார்கள்.

ஆலைக்கு வரும் மின்சாரம் திசை மாறி மாறி ஓடுவது. விநாடிக்கு 50 முறை ஒரு முழு ஆட்டம் ஆடித் திரும்புகிறது. அதுதான் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண். இந்த ஆட்டம் பிறப்பது கனமான இரும்பு சுற்றுவதில். கூடங்குளத்திலும் வடசென்னையிலும் டர்பைனோடு பிணைத்த ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3000 முறை, அதாவது விநாடிக்கு 50 முறை சுற்றுகிறது. நீர்மின் நிலையங்களில் காந்த முனைகளைக் கூட்டி, மெதுவாகச் சுற்றவிட்டு, அதே ஐம்பதை எடுக்கிறார்கள். கம்பியில் இணைந்த ஜெனரேட்டர்கள் அத்தனையும் ஒரே தாளத்தில் சுற்றியாக வேண்டும். ஆம்பூர் மோட்டாரும் அந்தத் தாளத்துக்குக் கட்டுப்பட்டது. நான்கு முனை மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸ் கொடுத்தால் அதனுள் காந்தப்புலம் 1500 சுற்றில் சுழலும். சுமையை இழுக்கும் ரோட்டார் கொஞ்சம் பின்தங்கி 1440இல் ஓடும். கம்பியில் 48 வந்தால் ட்ரம்மும் 4 விழுக்காடு சுணங்கும்.

இந்தப் பகுதிக்குப் பக்கத்தில் முதலில் வந்த உயர் அழுத்த மின்சாரத்துக்கும் ஐம்பதுக்கும் சம்பந்தமில்லை. 1902இல் மைசூர் அரசு காவிரியின் சிவசமுத்திரத்தில் மின்நிலையம் அமைத்து, கோலார் தங்கவயலுக்குக் கம்பி இழுத்தது. ஆம்பூருக்கு மேற்கே மலையைத் தாண்டினால் தங்கவயல். அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் வட ஆற்காட்டிலிருந்து போன தமிழர் பலர். அவர்களுக்குக் கிடைத்த மின்சாரம் விநாடிக்கு 25 ஆட்டம். சுரங்க இயந்திரங்களுக்கு அது போதும். பல்பு மட்டும் கண்ணுக்குத் தெரியும்படி துடிக்கும். அந்தக் காலத்தில் ஊருக்கு ஓர் அதிர்வெண், கம்பெனிக்கு ஓர் அதிர்வெண். ஐரோப்பாவில் ஐம்பதும் அமெரிக்காவில் அறுபதும் மெல்ல நிலைத்தன. நாம் பிரிட்டனின் பக்கம் போனோம்.

தமிழ்நாட்டில் ஐம்பதின் பிறந்தகம் நீலகிரி என்று சொல்லலாம். 1932இல் பைகாரா ஓடத் தொடங்கியது. 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம். பைகாராவையும் மேட்டூரையும் கம்பியால் இணைத்தபோதுதான் ஐம்பது ஒரு நிலையத்தின் சொந்த விஷயம் என்ற நிலை போய், பல நிலையங்கள் சேர்ந்து காக்க வேண்டிய பொதுச் சொத்தானது. மேட்டூரின் கம்பிகள் வட ஆற்காட்டையும் எட்டின. ஆனால் தோல் ஷாப்புக்கு அப்போது மின்சாரம் பெரிய தேவையாக இல்லை. குழியில் சுண்ணாம்பு, குழியில் ஆவாரம்பட்டை, கடுக்காய், மனிதக் கை. அரைப் பதத்தில் கப்பல் ஏற்றிவிடுவார்கள். 1972இல் சீத்தாராமையா குழு அந்த ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தச் சொன்னது. பச்சைத் தோல் வெளியே போவது நின்றது. அரைப் பதத்துக்கு அளவு வைத்தார்கள். முழுப் பதத் தோலும் ஷூவும்தான் இனி பணம் என்றானது. அதற்குப் பிறகுதான் இந்தத் தோல் தொழில் பட்டையில் ட்ரம்மும் ஷேவிங் மெஷினும் ஸ்ப்ரே மெஷினும் பெருகின. இருபது ஆண்டுக்கு மேல் கழித்து இன்னொரு திருப்பம். பாலாறு கெட்டது கண்டு வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது; கழிவு நீரைச் சுத்திகரிக்காமல் ஷாப் ஓட்ட முடியாது என்ற நிலை வந்தது. பிறகு ஒரு சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்ற விதி. ஆற்றுக்கு நல்லதைச் செய்ய இருபத்துநான்கு மணி நேரம் ஓடும் காற்று ஊதிகளும் ஆர்.ஓ. பம்புகளும் வந்தன. தோல் தொழில் மின்சாரத்தை நம்பிய தொழிலானது இப்படித்தான்.

அது நம்பத் தொடங்கிய அதே ஆண்டுகளில் ஐம்பது நோயாளியாகக் கிடந்தது.

தேவை உற்பத்தியை மிஞ்சும்போது என்ன நடக்கிறது என்பதை ஒருமுறை விளங்கிக்கொண்டால் மீதிக் கதை எளிது. மின்சாரத்தைக் கம்பியில் சேர்த்து வைக்க இயலாது. ஆம்பூரில் ஒரு மோட்டாரைப் போட்ட நொடியில் அதற்கான ஆற்றல் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். நீராவியோ தண்ணீரோ உடனே கூடிவிடுவதில்லை. முதல் சில விநாடிகள் அந்த ஆற்றல், சுற்றிக்கொண்டிருக்கும் இரும்பின் வேகத்திலிருந்தே உருவப்படுகிறது. எல்லா ஜெனரேட்டரும் ஒரு மயிரிழை சுணங்கும். அதிர்வெண் இறங்கும். உற்பத்தி மிஞ்சினால் நேர்மாறு. ஆக அந்த எண் நாட்டின் வரவு செலவு எந்நேரமும் எழுதப்படும் பலகை.

1990களில் தென் மண்டலத்தின் பலகையில் 48க்குப் பக்கத்து எண்களே மாலைதோறும் எழுதப்பட்டன. நள்ளிரவில் தேவை விழுந்தபோது உற்பத்தியைக் குறைக்க யாரும் முன்வராததால் அதே எண் ஐம்பதுக்கு மேல் ஏறிப் பாய்ந்தது. ஒவ்வொரு மாநிலமும் ஒதுக்கீட்டுக்கு மேல் இழுத்தது. இழுத்ததற்குக் கூடுதல் தண்டம் இல்லை. வேகத்தைப் பார்த்து நீராவியைக் கூட்டிக் குறைக்கும் கவர்னரைப் பல நிலையங்களில் பூட்டியே வைத்திருந்தார்கள்; இவ்வளவு ஆடும் அதிர்வெண்ணுக்கு அது ஈடுகொடுத்தால் கொதிகலன் தாங்காது என்பது அவர்கள் வாதம். டர்பைனின் கடைசி வரிசை இறக்கைகள் குறைந்த வேகத்தில் அதிர்ந்து தேயும் என்பது தெரிந்தும் ஓட்டினார்கள். தோல் ஷாப்பில் இதன் பொருள்: நாள் முழுக்க 48இல் ஓடினால் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துச் சுற்று காணாமல் போயிருக்கும். வோல்டேஜ் மீட்டர் சரியாகக் காட்டும். ட்ரம்மில் மட்டும் இழுவை இருக்காது.

வைத்தியம் பார்த்தது ஒரு பொறியாளரின் விலைப்பட்டியல். பவர்கிரிட்டில் இருந்த பானு பூஷன் வகுத்த முறை 2003 ஜனவரி 1 முதல் தென் மண்டலத்தில் அமலானது. ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக 96 பங்கு போடுவது. ஒவ்வொரு துண்டிலும் ஒப்புக்கொண்ட அளவைத் தாண்டி எடுத்ததற்கும் விட்டதற்கும் அந்த நேரத்து அதிர்வெண்ணே விலை. 50.5இல் விலை பூஜ்யம். 49ஐத் தொட்டால் உச்சம். அதிகாரிகளின் கடிதமும் அமைச்சர்களின் தொலைபேசியும் ஆண்டுக்கணக்கில் சாதிக்காததை இந்தப் பட்டியல் சில மாதங்களில் சாதித்தது. எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. அப்போது வீட்டுச் சுவரில் இருக்கும் எந்த பிளக் பாயிண்டிலும் ஒரு அதிர்வெண் மீட்டரைச் சொருகினால் அந்த நிமிடம் மாநிலங்களுக்கு இடையே மின்சாரம் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று தெரிந்துவிடும். தில்லியில் கூட்டம் போட்டு மறைக்க வழியே இல்லாத விலை. ஆம்பூர் ட்ரம் சுற்றும் வேகத்திலேயே அந்த விலை இருந்தது. இவ்வளவு வெளிப்படையான சந்தை அதற்கு முன்னும் பின்னும் நமக்கு வாய்த்ததாகத் தெரியவில்லை. அனுமதித்த வரம்பு பிறகு படிப்படியாக இறுகி, 2014இல் 49.90 முதல் 50.05 வரை என்றானது.

2013 வரை தெற்கின் ஐம்பது தனி. வடக்கு, கிழக்கு, வடகிழக்கு, மேற்கு மண்டலங்கள் 2006க்குள் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டன. தெற்கு மட்டும் திசை மாறாத நேர்மின்னோட்ட இணைப்புகள் வழியாக அவற்றோடு மின்சாரம் பரிமாறிக்கொண்டது. நேர்மின்னோட்டத்தில் ஆற்றல் கடக்கும், தாளம் கடக்காது. 2012 ஜூலை 30இலும் 31இலும் வட இந்தியா இருண்டபோது, இரண்டாம் நாள் 60 கோடிப் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டபோது, தெற்கு தப்பியது அந்தத் தனிமையால். தப்பித்த தமிழ்நாடு என்ன நிலையில் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆண்டு கிராமங்களில் பாதி நாள் கரண்ட் கிடையாது. உயர் அழுத்த இணைப்பு வைத்த ஆலைகளுக்கு 2008 முதலே 40 விழுக்காடு வரை வெட்டு. குரோம் ஏறிக்கொண்டிருக்கும்போது ட்ரம் நின்றால் உள்ளே தோல் அடுக்கடுக்காக அமிழ்ந்து, அடியில் இருப்பதற்கு ஒரு நிறம் மேலே இருப்பதற்கு ஒரு நிறம் என்றாகிவிடும். டீசல் ஜெனரேட்டரைப் போடாமல் வழியில்லை. அந்த ஜெனரேட்டரின் ஐம்பதுக்கு ஷாப்பே பொறுப்பு. பெரிய ட்ரம் கிளம்பும்போதெல்லாம் அது மூச்சிரைக்கும்.

2013 டிசம்பர் 31 இரவு மகாராஷ்டிரத்தின் சோலாப்பூருக்கும் கர்நாடகத்தின் ராய்ச்சூருக்கும் இடையிலான 765 கிலோவோல்ட் கம்பியில் சுவிட்சைப் போட்டார்கள். அந்த நொடி முதல் இந்தியா முழுவதற்கும் ஒரே அதிர்வெண். அந்தத் தடம் ராய்ச்சூரோடு நிற்கவில்லை. கர்நூல் வழியாக இறங்கி வந்து சேர்ந்த இடம் திருவலம்: ராணிப்பேட்டைக்கும் காட்பாடிக்கும் நடுவில், பொன்னையாற்று இரும்புப் பாலத்துக்காக அறியப்படும் ஊர். தேசிய ஐம்பது தமிழ்நாட்டுக்குள் நுழையும் வாசல்களில் ஒன்று தோல் பட்டையின் விளிம்பிலேயே இருக்கிறது. அங்கே 765 கிலோவோல்ட் 400ஆக இறங்கும். பிறகு 230, 110, 33, 11 என்று படியிறங்கி ஷாப் வாசலில் 415 வோல்ட்டாகும். வோல்ட் எத்தனை படி இறங்கினாலும் ஐம்பது மாறாது.

ஒரே கட்டமைப்பு என்பதன் பலம் எடை. கனமான தேரை நகர்த்துவதும் கடினம், ஓடத் தொடங்கியபின் ஒரு முட்டுக்கட்டையால் குலுக்குவதும் கடினம். தெற்கு தனியாக இருந்த நாளில் ஆயிரம் மெகாவாட் அலகு ஒன்று திடீரென்று நின்றால் அதிர்வெண் குப்புற விழும். நாடு முழுவதும் சேர்ந்தபின் அதே இழப்பு தசம எண்ணின் இரண்டாம் இடத்தில் ஒரு சலனம். ஒரு அனல் அலகின் சுழலும் பாகங்களில் சேர்ந்திருக்கும் ஆற்றல், அந்த அலகின் முழு உற்பத்திக்குச் சுமார் நான்கு விநாடி ஈடுகொடுக்கும். நான்கு விநாடிதான். அதற்குள் கவர்னர்கள் விழித்துக்கொள்ள வேண்டும். அந்த நான்கு விநாடிக்காக யாரும் ஒருபோதும் காசு கொடுத்ததில்லை. மின்சாரம் வாங்கினால் கூடவே இலவசமாக வந்தது.

இந்த எடையில் ஆம்பூருக்கும் பங்குண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நேராகக் கம்பியில் கட்டிய மோட்டார், அதிர்வெண் விழும்போது தானும் வேகம் குறையும். குறையும்போது தன் சுழற்சியில் இருந்த ஆற்றலைக் கம்பிக்குத் திருப்பித் தரும்; பிறகு குறைவாக இழுக்கும். ட்ரம் என்றால் வேகம் குறைந்த அளவுக்கு இழுவை குறையும். பம்பும் ஃபேனும் இன்னும் தாராளம்: வேகம் 4 விழுக்காடு குறைந்தால் அவை எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய 12 விழுக்காடு குறைந்துவிடும். ஒரு ட்ரம்மின் பங்கு அற்பம். ஆனால் தமிழ்நாட்டில் விவசாய பம்புசெட்டுகள் மட்டும் 20 லட்சத்துக்கு மேல். சிமெண்டு, நூற்பாலை, தோல், தண்ணீர்த் தொட்டி மோட்டார் எல்லாம் சேர்ந்து கட்டமைப்பின் மறுமுனையில் ஓர் எடையாக இருந்தன. யாரும் உத்தரவிடாமல், எந்தக் கணக்கிலும் வராமல்.

காற்றாலையும் முதலில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாகவே வந்தது. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் மின்வாரியம் நிறுவிய சின்ன காற்றாலைகளும், அதன்பின் முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் கயத்தாற்றிலும் காடாக வளர்ந்த பழைய காற்றாலைகளும் பெரும்பாலும் இண்டக்‌ஷன் இயந்திரங்கள். ஆம்பூர் ட்ரம்மை இழுக்கும் அதே வகை. காந்தப்புலத்துக்குப் பின்தங்கி ஓடினால் மோட்டார். காற்று அதை முந்தவைத்தால் ஜெனரேட்டர். ஒரு முனையில் காற்று சுற்றுகிறது, மறுமுனையில் தோல் சுற்றுகிறது, இரண்டும் ஒரே தாளத்தில் பூட்டப்பட்டவை. அந்தக் காற்றாலைகளால் தொல்லையும் இருந்தது. வோல்ட்டேஜ் கொஞ்சம் தடுமாறினாலே கூட்டமாக விலகிக்கொள்ளும். காற்று நின்றால் அவையும் நிற்கும். ஆனால் சுற்றும்வரை எடையோடு சுற்றின.

புதிய காற்றாலை அப்படியில்லை. அதன் இறக்கை காற்றுக்கு ஏற்ற வேகத்தில் சுற்றும். நடுவில் மின்னணுப் பெட்டி அதை ஐம்பதாக மாற்றிக் கொடுக்கும். அதிக மின்சாரம் கிடைக்கும், தாளத்தோடு நேரடிப் பூட்டு கிடையாது. பழைய காற்றாலைகளைக் கழற்றிவிட்டுப் பெரியவற்றை நிறுவ 2024இல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வகுத்தது. சூரியத் தகட்டில் சுற்றும் பாகமே இல்லை. கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் பண்ணையானாலும் ஷூ கம்பெனிக் கூரைத் தகடானாலும் இன்வெர்ட்டர் செய்யும் வேலை ஒன்றே: கம்பியில் ஏற்கெனவே இருக்கும் தாளத்தைக் கேட்டு, அதன்படி மின்சாரத்தை ஊற்றுவது. தாளம் கெட்டால் தூக்கி நிறுத்தும் பழக்கம் அதற்கு இயல்பாக இல்லை. தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைக் கடந்தது. சூரியத் திறன் 2025இல் 10,000ஐக் கடந்தது. 2024 மே 2 அன்று மாநிலத்தின் தேவை அதுவரை காணாத 20,830 மெகாவாட்டைத் தொட்டது. ஆடி மாதத்து வெயில் நாள் ஒன்றின் நண்பகலில், காற்றும் சூரியனும் ஒன்றுசேரும்போது, அனல் நிலையங்களை எவ்வளவு இறக்கி ஓட்டலாம் என்பதே கட்டுப்பாட்டு அறையின் கவலை. மாலையில் சூரியன் இறங்க, வீடுகளில் விளக்கும் ஏசியும் ஏற, இறக்கிய நிலையங்களையே அவசர அவசரமாக ஏற்ற வேண்டும்.

தோல் ஷாப்பிலும் இதே மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. ட்ரம் மோட்டாருக்கு வி.எஃப்.டி. என்ற மின்னணு வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி வைக்கிறார்கள். வேகத்தை வேலைக்கேற்ப மாற்றலாம்: ஊறவைக்க மூன்று நான்கு சுற்று, குரோமுக்குப் பத்து. கிளம்பும்போது மோட்டார் திணறாது, கரண்ட் பில் குறையும். இதைக் குறை சொல்ல முடியாது. நானே முதலாளியாக இருந்தாலும் வைப்பேன். ஆனால் வி.எஃப்.டி. வைத்த ட்ரம் கம்பியின் தாளத்திலிருந்து விடுபட்டுவிட்டது. வெளியே 49.5 வந்தாலும் உள்ளே ட்ரம் பத்தே சுற்றும். ஒரு வாட்டும் விட்டுக்கொடுக்காது. காற்றாலை முனையில் ஒரு மின்னணுப் பெட்டி, ட்ரம் முனையில் ஒரு மின்னணுப் பெட்டி. நடுவில் இருக்கும் ஐம்பதுக்கு இரு பக்கமும் இருந்த இலவச எடை கரைந்துகொண்டே வருகிறது.

கரைந்தால் என்ன ஆகும் என்று அறிய இலங்கையைப் பார்க்கலாம். 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல். பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு உபகரணத்தைத் தொட்டது. தீவு முழுவதும் இருண்டது. குரங்கைப் பற்றி உலகமே சிரித்தது. சிரிப்பு அடங்கியபின் இலங்கை மின்சார சபை சொன்ன விளக்கம்தான் முக்கியம்: ஞாயிறு என்பதால் தேவை குறைவு, வெயில் என்பதால் சூரிய மின்சாரம் அதிகம், சுழலும் இயந்திரங்கள் சொற்பம், சிறிய அடியைத் தாங்கும் எடை கட்டமைப்பில் இல்லை. அந்த ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறை வந்தபோது கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி உரிமையாளர்களைச் சபை கேட்டுக்கொண்டது. இந்தியாவின் அளவு நமக்குக் காப்பு. அவர்களுக்கு அது இல்லை. அதற்காக எல்லா இருட்டுக்கும் சூரியன் மேல் பழி போடுவதும் தவறு. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டபோது உடனே அப்படித்தான் பேசினார்கள். விசாரணைகள் சுட்டியது மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தத் தவறியதை.

நமக்கும் ஒரு பரீட்சை நடந்தது. 2020 ஏப்ரல் 5, இரவு 9 மணி, 9 நிமிடம் விளக்கணைக்கச் சொன்ன அழைப்பு. கொரோனா பொதுமுடக்கத்தால் ஆம்பூர் ஷாப்புகள் உட்பட நாட்டின் ஆலைகள் மூடிக் கிடந்தன. எஞ்சியிருந்த தேவையில் விளக்கும் வீட்டுச் சாமானும் பெரும்பங்கு. எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக, 31,000 மெகாவாட் அளவுக்குத் தேவை சரிந்து, விளக்குகள் திரும்பியபோது மீண்டும் ஏறியது. அன்றிரவு அதிர்வெண் 49.70க்கும் 50.26க்கும் இடையில் நின்றது. நிறுத்தியவை நீர்மின் நிலையங்கள். தண்ணீரை நிமிடங்களில் மூடவும் திறக்கவும் முடியும் என்பதால் அணைக்கட்டுப் பணியாளர்கள் சரிவுக்கு முன்பே தயாராக நின்றார்கள். திட்டமிட்ட அதிர்ச்சியைச் சமாளிப்பது கட்டமைப்புக்கு முடியும். கமுதி மேல் நகரும் மேகம் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வருவதில்லை, பள்ளிக்கரணையில் தேசிய காற்றாற்றல் நிறுவனம் என்னதான் கணித்துச் சொன்னாலும்.

இப்போது காவல் பல அடுக்கு. முதலில் எடை. பிறகு விநாடிகளில் கவர்னர். பிறகு தில்லியில் இருக்கும் தேசியக் கட்டுப்பாட்டு மையத்தின் கணினி, நான்கு விநாடிக்கு ஒருமுறை நிலையங்களுக்கு ஏற்று, இறக்கு என்று குறிப்பு அனுப்புகிறது. பிறகு பெங்களூருவில் தென் மண்டல மையமும் சென்னை அண்ணா சாலையில் மாநில மையமும் மனிதக் கையால் செய்யும் திருத்தம். எதுவும் பலிக்காவிட்டால் கடைசிக் காவல் ரிலே: 49.4இல் தொடங்கி 0.2 வீதம் இறங்க இறங்க ஃபீடர்களைத் தானாகவே வெட்டும். ஊரே வெளிச்சமாக இருக்கும்போது ஒரு பகுதி மட்டும் காரணமின்றி அணைந்தால் சில நேரம் அது இந்த வெட்டாக இருக்கும். லைன்மேனைத் திட்டிப் பயனில்லை.

போன எடையைத் திரும்பச் செய்ய வழிகள் உண்டு, எல்லாம் பணம். ஆஸ்திரேலியாவின் தென் மாநிலம் 2016 செப்டம்பரில் முழுக்க இருண்டபின் முதலில் ஹார்ன்ஸ்டேலில் பெரிய பேட்டரி வைத்தது. பிறகு மின்சாரம் உற்பத்தி செய்யாத, வெறுமனே சுற்றுவதற்காகவே சுற்றும் கனமான இயந்திரங்களை 2021இல் நிறுவியது. ஒருகாலத்தில் இலவசமாக வந்த எடையை விலை கொடுத்து வாங்கிய கதை அது. நம்மிடம் கடம்பாறை இருக்கிறது. 1980களின் கடைசியில் வந்த 400 மெகாவாட் நிலையம்; மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது. எடையும் உண்டு, சேமிப்பும் உண்டு. இப்போது குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு அதே வகைப் பணி, நீலகிரி மலைக்குள், ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. பேட்டரிகளும் வருகின்றன. தாளத்தைக் கேட்டுப் பின்பற்றாமல் தானே தாளம் போடும் இன்வெர்ட்டர்களை அவற்றோடு வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அந்த நிபந்தனையை டெண்டரில் எழுதாவிட்டால் வெறும் சேமிப்புக் கிடங்கு கிடைக்கும், அவ்வளவுதான். நாட்டின் நிறுவுதிறனில் புதைபடிவம் அல்லாதவை 2025 ஜூனில் பாதியைத் தொட்டுவிட்டன. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளும் காலம் கடந்துவிட்டது.

தோல் பட்டையிடமும் விற்க ஒரு சரக்கு இருக்கிறது. குரோம் ட்ரம்மைத் தொடக் கூடாது. அது நின்றால் நட்டம். ஆனால் சுண்ணாம்பு ட்ரம் நாள் முழுக்க ஓடுவதில்லை. மணிக்குச் சில நிமிடம் சுற்றி, மிச்ச நேரம் நிற்கும். அந்தச் சில நிமிடத்தை முன்னே பின்னே நகர்த்தினால் தோலுக்கு ஒன்றும் ஆகாது. வி.எஃப்.டி.க்குள்ளேயே, அதிர்வெண் 49.9க்குக் கீழே போனால் ஐந்து நிமிடம் பொறு என்று எழுதி வைக்கலாம். இழந்த பழைய குணத்தை மென்பொருளில் திரும்பக் கொடுப்பது போலத்தான். யாரும் செய்யாததற்குக் காரணம் தொழில்நுட்பம் கிடையாது, பில். உயர் அழுத்தக் கட்டண அட்டையில் காலை, மாலை உச்ச நேரத்துக்கு 25 விழுக்காடு கூடுதல். இரவு 10 முதல் காலை 5 வரை 5 விழுக்காடு தள்ளுபடி. நள்ளிரவில் நிலக்கரி மின்சாரம் மிஞ்சிய காலத்துக் கணக்கு அது. இப்போது மிஞ்சுவது நண்பகலில். ஒன்றிய அரசு 2023 ஜூனில் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள் சூரிய நேரத்துக்குக் குறைந்தபட்சம் 20 விழுக்காடு குறைவான கட்டணம் என்று பேசுகின்றன. அது அட்டையில் ஏறினால் முதலில் பகலுக்கு மாறக்கூடியவை பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் ஆர்.ஓ. பம்புகள். ஷாப்புகளின் கழிவு நீர் வந்து கலக்கும் பெரிய சமப்படுத்தும் தொட்டி அங்கே முன்பே கட்டியாயிற்று. சில மணி நேரத்துத் தண்ணீர் அதில் காத்திருக்க முடியும்.